ஒன்னாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் பி.டி. பீரியட்: வருஷத்தை எப்படிப் பிரிக்கிறது?

ஒரு வருஷம் மூணாவது பசங்களுக்கு நான் 12 விளையாட்டு சொல்லிக்குடுத்தேன். சொல்லிக்குடுத்தேன்னு நான்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஃபுட்பால், பாஸ்கெட்பால், ஹாக்கி, த்ரோபால், ரிலே, ஜிம்னாஸ்டிக்ஸ்னு சார்ட்ல கலர் கலரா எழுதி சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன், பாக்குறவங்க எல்லாம் ஆஹா எவ்ளோ வெரைட்டின்னு சொன்னாங்க, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. வருஷக் கடைசியில ஒரு நாள் சும்மா ஆளுக்கொரு பாலைக் குடுத்து எதிர் சுவத்துல எறியுங்கடான்னேன். 30 பேர்ல பாதிக்கு மேல எறியற கை எந்தப் பக்கமோ அதே பக்கக் காலை முன்னாடி வச்சு, உடம்பு திரும்பாம, வெறும் முழங்கையை மடக்கி ஈ ஓட்டுற மாதிரி வீசுனாங்க. அதே வருஷம் த்ரோபால், பாஸ்கெட்பால் ரெண்டும் "முடிச்சாச்சு"ன்னு என் நோட்டுல டிக் இருக்கு.

அதுக்கப்புறம்தான் எந்த விளையாட்டைச் சொல்லிக்குடுக்கறதுங்கறதை விட வருஷத்தை எப்படிப் பிரிக்கிறதுங்கறதுதான் பெரிய முடிவுன்னு மண்டையில ஏறுச்சு. கிட்டத்தட்ட எல்லா முறையையும் முழுசாவோ அரைகுறையாவோ பண்ணிப் பார்த்திருக்கேன், அதை வச்சு ஒன்னோட ஒன்னு ஒப்பிட்டு எழுதறேன். புதுசா பி.டி. பொறுப்பு தலையில விழுந்த கிளாஸ் டீச்சருக்கோ, ஸ்கூல்ல டைம்டேபிள் போடறவங்களுக்கோ உதவலாம்.

முதல்ல கையில எவ்ளோ நேரம் இருக்குன்னு கணக்குப் போட்டுருவோம், ஏன்னா இதைப் போடாமத்தான் எல்லாரும் பிளான் போடறோம். வருஷத்துக்கு 36 வாரம் கிளாஸ் நடக்குது, வாரம் 2 பீரியட், ஒவ்வொன்னும் 40 நிமிஷம்னு வச்சுக்கோங்க. 72 பீரியட். இதுல பரிட்சை, மழை, ஆண்டு விழா ரிகர்சல், "கணக்குப் பாடம் முடியல சார் இன்னிக்கு ஒரு நாள் மட்டும்"னு வர்றவங்க, எல்லாம் போக 60 மிஞ்சுனா நீங்க அதிர்ஷ்டசாலி. அந்த 40 நிமிஷத்துலயும் லைன்ல நிக்க வச்சு கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயி, ஷூ லேஸ் கட்டி, திரும்பக் கூட்டிட்டு வர 10 நிமிஷம் போயிடும். 60 பீரியட், 30 நிமிஷம், மொத்தம் 1800 நிமிஷம். அதாவது ஒரு வருஷம் முழுக்க 30 மணி நேரம். கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதை.

இன்னொரு கணக்கும் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷமாவது மூச்சு வாங்கற அளவுக்கு உடம்பை அசைக்கணும், அதுல வாரம் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் குடுக்கற மாதிரி வேலை இருக்கணும். வாரத்துக்கு 420 நிமிஷம். நம்ம பி.டி. பீரியட் ரெண்டையும் ஒரு நிமிஷம் வீணாக்காம ஓட விட்டாலும் 80 நிமிஷம்தான், அஞ்சுல ஒரு பங்கு கூட வரல. அதனால பி.டி. பீரியட்லயே பிள்ளையோட உடற்பயிற்சி தேவையை முடிச்சுடலாம்னு நினைக்கிறதே நடக்காத காரியம். மிச்ச அஞ்சுல நாலு பங்கு ஸ்கூலுக்கு வெளியில, இன்டர்வெல்ல, வீட்டுக்கிட்ட நடக்கணும், அது நடக்கணும்னா அந்தப் பிள்ளைக்கு ஓட, எறிய, பிடிக்க, குதிக்கத் தெரியணும், தெரியாத பிள்ளையை விளையாட்டுல எவனும் சேத்துக்க மாட்டான், சேத்துக்கிட்டாலும் ஒப்புக்குத்தான். இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டுத்தான் கீழ இருக்கிற ஒவ்வொரு முறையையும் எடை போடறேன்.

முதல் முறை, முறைன்னே சொல்லக் கூடாது, ஆனா அதிகமா நடக்கறது இதுதான். ஒரு பாலைத் தூக்கிக் குடுத்துட்டு ஓரமா நின்னுக்கறது. 30 பேருக்கு ஒரு பால், 20 நிமிஷம் ஆட்டம்னா சமமாப் பிரிச்சாலே ஆளுக்கு 40 செகண்ட் தான் பால் கிடைக்கும், ஆனா சமமா எங்க பிரியுது, நல்லா ஆடற அஞ்சாறு பேர்கிட்டயே சுத்தும், மிச்சப் பேர் பின்னாடி ஓடுவாங்க, கொஞ்ச நேரத்துல அதையும் விட்டுட்டு மண்ணைக் கிளறுவாங்க. ஒன்னு ரெண்டு பேர் எல்லாரோட வாட்டர் பாட்டிலுக்கும் காவல் உக்காந்துக்கும், ரொம்ப நல்ல பிள்ளைங்கன்னு நாமளும் விட்டுடுவோம். நான் சுதந்திர விளையாட்டுக்கு எதிரி இல்ல, இன்டர்வெல்ல அது கட்டாயம் வேணும். ஆனா அதுக்குப் பேரு இன்டர்வெல், பாடம் இல்ல.

ரெண்டாவது, நான் ஆரம்பத்துல சொன்னேனே அது, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு விளையாட்டு. உலகம் பூரா ரொம்ப காலமா இருக்கிற முறை, காரணமும் புரியுது, பிள்ளைங்களுக்குப் போரடிக்காது, ஏதாவது ஒன்னாவது ஒவ்வொருத்தருக்கும் பிடிக்கும்னு ஒரு நம்பிக்கை, பிளான் போடவும் லேசு, சார்ட்டும் அழகா வரும். ஆனா 60 பீரியடை 12ஆப் பிரிச்சா ஒன்னுக்கு 5 பீரியட். முதல் பீரியட்ல ரூல் சொல்றோம், ரெண்டாவதுல பிள்ளைங்க அந்த ரூலை மறந்துட்டு வர்றாங்க, மூணாவதுல கொஞ்சம் பிடிபடுது, நாலாவது மழை, அஞ்சாவதுல மேட்ச் வைக்கிறோம். அடுத்த வாரம் வேற விளையாட்டு. நுனிப்புல் மேயறதுன்னு சொல்வாங்களே அதேதான். இதுல இன்னொரு மோசம் என்னன்னா அடுத்த வருஷமும் அதே 12, அதே முதல் பீரியட், அதே ரூல். நாலு வருஷம் ஓடுனாலும் பிள்ளை ஒவ்வொரு விளையாட்டுலயும் முதல் பாடத்தையே நாலு தடவை படிச்சிருக்கும்.

இதுக்கு ஒரு நியாயமும் சொல்லணும். ஏற்கனவே எறிய பிடிக்கத் தெரிஞ்ச பெரிய பசங்களுக்கு, பதிமூணு பதினாலு வயசுக்கு மேல, பல விளையாட்டை ருசி காட்டறது நல்லதுதான். அடிப்படை இருக்கு, புது ரூல் மட்டும் கத்துக்கணும். சின்னப் பிள்ளைகிட்ட அந்த அடிப்படையே இல்ல, அதான் சிக்கல்.

மூணாவது, ஃபிட்னஸ். ரவுண்டு அடிக்க விடறது, ஸ்குவாட், ஜம்பிங் ஜாக், ஷட்டில் ரன் (ரெண்டு கோட்டுக்கு நடுவுல திரும்பத் திரும்பப் போயிட்டு வர்ற ஓட்டம்), வருஷத்துக்கு ரெண்டு தடவை டெஸ்ட் வச்சு நம்பர் எழுதறது. பிரின்சிபலுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா நம்பர் வரும். ஒரு நல்லதும் இருக்கு, யாரும் சும்மா நிக்க மாட்டாங்க, பந்தும் வேண்டாம் பேட்டும் வேண்டாம். ஆனா பிள்ளைங்க உடம்பு இயங்குற விதமே வேற. 1995ல பெய்லிங்கற ஆராய்ச்சியாளரோட குழு 6ல இருந்து 10 வயசுப் பிள்ளைங்களைப் பக்கத்துல இருந்து செகண்ட் கணக்குல கவனிச்சு எழுதுனாங்க, பிள்ளைங்க தானா வேகமா இயங்கற துண்டு ஒவ்வொன்னும் பெரும்பாலும் 3 செகண்ட்தான், 15 செகண்டுக்கு மேல போறது ரொம்ப அபூர்வம். குபீர்னு ஓடும், நிக்கும், ஏதாவது பாக்கும், மறுபடி ஓடும். நாமதான் அதைப் பிடிச்சு 10 நிமிஷம் நிக்காம ஓடுன்னு பெரியவங்க பயிற்சியைத் திணிக்கிறோம். பிடிக்கிற விளையாட்டு, அதாங்க ஒருத்தன் துரத்த மத்தவங்க ஓடறது, அது அந்த 3 செகண்ட் கணக்குக்கு அச்சா பொருந்துது, ரவுண்டு அடிக்கறது பொருந்தல. அப்புறம் வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு பலம் கூடுதுன்னா அது பெரும்பாலும் தசை பெருத்து இல்ல, நரம்பு அந்தத் தசையை நல்லா வேலை வாங்கக் கத்துக்கறதால. அப்போ அதுவும் ஒரு விதத்துல கத்துக்கறதுதான்.

டெஸ்ட் பத்தி ஒரு வார்த்தை. பீப் சத்தத்துக்கு ஓடற 20 மீட்டர் ஷட்டில் ரன்ல ஒவ்வொருத்தரா நின்னுட்டு வருவாங்க, முதல்ல நிக்கிற பிள்ளை மிச்சப் பேர் ஓடறதைப் பாத்துக்கிட்டே எல்லார் கண்ணு முன்னாடியும் உக்காந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அன்னிக்கு நாம என்ன பாடம் எடுத்தோம்னு யோசிங்க. டெஸ்ட் வேணும்னா போன தடவை அதே பிள்ளை எடுத்ததோட மட்டும் ஒப்பிடுங்க, கிளாஸ்ல லிஸ்ட் ஒட்டாதீங்க.

ஃபிட்னஸ் ஆளுங்க உடனே தினம் 15 நிமிஷம் ஓட்டம் நல்லா வேலை செய்யுதேன்னு கேப்பாங்க. ஆமா, 2012ல ஸ்காட்லாந்துல ஸ்டிர்லிங் ஊர்ல ஒரு ஆரம்பப் பள்ளியில எலெய்ன் வைலிங்கற தலைமை ஆசிரியை ஆரம்பிச்ச டெய்லி மைல் அப்படித்தான், பிள்ளைங்க தினம் 15 நிமிஷம் வெளிய போயி ஓடியோ ஜாகிங் பண்ணியோ வரும், டிரெஸ் மாத்த வேணாம், போட்டி இல்ல, அதுக்கப்புறம் பல நாட்டுக்குப் பரவுச்சு. நல்ல விஷயம், முடிஞ்சா பண்ணுங்க. ஆனா அது பி.டி. பீரியடுக்கு மேல கூடுதல், அதுக்குப் பதில் இல்ல. பதில்னு ஆக்கிட்டா ஓடத் தெரிஞ்ச, பால் பிடிக்கத் தெரியாத பிள்ளைதான் வரும்.

நாலாவது முறைக்கு வர்றேன், நான் கட்சி கட்டற முறை இதுதான்னு இப்பவே சொல்லிடறேன், அதுக்கேத்த மாதிரி தள்ளுபடி பண்ணிப் படிச்சுக்கோங்க. இதுல விளையாட்டுப் பேரு சார்ட்லயே வராது. திறமைகள்தான் வரும்: எறியறது, பிடிக்கறது, காலால தள்ளிக்கிட்டுப் போறது, அடிக்கறது, குதிச்சு இறங்கறது, ஒத்தக் கால்ல பேலன்ஸ். ஜார்ஜ் கிரஹாம் மாதிரி அமெரிக்க பி.டி. பேராசிரியருங்க 1980ல இருந்து இதைத் திறமை வாரியான பாடத்திட்டமா எழுதிக்கிட்டு வர்றாங்க, அதுக்கு அடியில இருக்கறது ருடால்ஃப் லாபன் நடனத்துக்காக உடம்பு, இடம், விசை, உறவுன்னு அசைவைப் பிரிச்சுப் பார்த்த முறை. கேக்க ஏதோ பெரிய தத்துவம் மாதிரி இருக்கும், நடைமுறையில ரொம்ப சிம்பிள், "எறி"ங்கற ஒரே வேலையை மேல எறி, கீழ எறி, மெதுவா எறி, ஓடிக்கிட்டே எறி, ஓடற ஆளுக்கு எறின்னு மாத்தி மாத்திக் குடுக்கலாம், பிள்ளைக்கு ஒவ்வொன்னும் புது விளையாட்டு.

இதோட உயிர்நாடி திரும்பி வர்றதுதான். எறியறதை 5 பீரியட் சேத்து நடத்தி மூட்டை கட்டி வைக்கறது இல்ல. 2வது வாரம், 3வது வாரம், அப்புறம் 6, 10, 15, 22, 30ன்னு இடைவெளி கூடிக்கிட்டே போயி மறுபடி மறுபடி வரும். பிள்ளை பாதி மறந்திருக்கும், அந்த மறந்ததை மறுபடி தேடி எடுக்கும்போதுதான் அது உள்ள போயி உக்காரும். ஒரே மூச்சுல பழகுனா அந்த நாள் பாக்க நல்லா இருக்கும், ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா காத்துல போயிருக்கும். இதைத்தான் என் 12 விளையாட்டு வருஷம் எனக்குக் காட்டுச்சு, என்ன, காட்ட ஒரு வருஷம் எடுத்துக்கிச்சு.

மாத்தி மாத்திக் குடுக்கறதுக்கும் பழைய சோதனை ஒன்னு இருக்கு. 1978ல கெர், பூத்னு ரெண்டு பேரு 8 வயசுப் பிள்ளைங்களை சின்ன பீன் பேக்கை (தானியம் அடைச்சுத் தைச்ச குட்டிப் பை) குறி பாத்துப் போட வச்சாங்க. ஒரு குரூப் 3 அடி தூரத்துல இருந்தே பழகுச்சு, இன்னொரு குரூப் 2 அடியும் 4 அடியுமா மாறி மாறிப் பழகுச்சு, 3 அடியைத் தொடவே இல்ல. 12 வாரம் கழிச்சு ரெண்டு குரூப்புக்கும் 3 அடியில டெஸ்ட். நல்லா போட்டது 3 அடியைத் தொடாத குரூப். எனக்கு இது முதல்ல நம்பவே முடியல, ஆனா கிரவுண்ட்ல பாத்தா சரியாத்தான் வருது, ஒரே கோட்டுல நின்னு ஒரே டார்கெட்டுக்கு எறிஞ்ச பிள்ளை கோடு மாறுனா திணறும், கலந்து எறிஞ்ச பிள்ளை தூரத்தைக் கண்ணால அளக்கக் கத்துக்கிட்டு இருக்கும்.

ஒரு பீரியட் எப்படி இருக்கும்னா, முதல் 5 நிமிஷம் துரத்திப் பிடிக்கற விளையாட்டு ஏதாவது, உடம்பும் சூடாகும் அந்த 3 செகண்ட் வேகமும் கிடைக்கும். அடுத்த 10 நிமிஷம் புதுத் திறமை, அடுத்த 10 நிமிஷம் முன்னாடி பாத்த பழைய திறமை ஒன்னு, கடைசி 5 நிமிஷம் அந்த ரெண்டும் தேவைப்படற குட்டி ஆட்டம், மூணு பேர் ஒரு பக்கம் மூணு பேர் ஒரு பக்கம். அவ்வளவுதான். ஃபிட்னஸ் தனியா தேவையே படல, அதுக்குள்ளயே வந்துடுது, குதிச்சு இறங்கற பாடம் எலும்புக்கும் ஆச்சு.

சொல்லித் தர்ற வார்த்தை மூணுக்கு மேல போகக் கூடாது. எறியறதுக்கு நான் சொல்றது "பக்கவாட்டு, எதிர்க்கால், வீசு". எறியற கைக்கு எதிர்ப்பக்கக் கால் முன்னாடி போகணும், இடுப்பு திரும்பணும், எறிஞ்சப்புறம் கை உடம்பைத் தாண்டிக் குறுக்க வரணும். இதையெல்லாம் விளக்குனா பிள்ளை கொட்டாவி விடும், அந்த மூணு வார்த்தையைப் பாட்டு மாதிரி கத்த விட்டா தானா வரும். குதிக்கறதுக்கு ஒரே வரி, "சத்தம் வராம இறங்கு". முழங்காலை மடக்குன்னு நூறு தடவை சொல்லி வராதது இந்த ஒரு வரியில வந்துச்சு, ஏன்னா சத்தம் வராம இறங்கணும்னா மடக்காம முடியாது. பிடிக்கறதுல பெரிய எதிரி பயம். ஆறு வயசுப் பிள்ளை பால் வரும்போது முகத்தைத் திருப்பிக்கும், கண்ணை மூடிக்கும், ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்து அணைக்கும். அதுகிட்ட கெட்டிப் பாலைப் போட்டா ஜென்மத்துக்கும் பிடிக்காது. பலூன்ல ஆரம்பிங்க, மெதுவா வரும், பட்டாலும் வலிக்காது, அப்புறம் ஸ்பான்ஜ் பால், அப்புறம் கொஞ்சம் காத்துக் கம்மியான ரப்பர் பால்.

குறை இல்லாம இல்ல. முதல் குறை, இதை வெளிய காட்டிக்க முடியாது, "உங்க ஸ்கூல்ல என்ன கேம்ஸ்"னு பேரண்ட் கேக்கும்போது "எறியறது"ன்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க. ரெண்டாவது, நாலாவது அஞ்சாவது போகப்போக பசங்க "சார் மேட்ச் எப்போ"ன்னு நச்சரிக்க ஆரம்பிப்பாங்க, அது நியாயமான கேள்வி, எழுத்து மட்டும் சொல்லிக்குடுத்துட்டு கதையே படிக்க விடாத மாதிரிதான். மூணாவது, 30 பேருக்கு 30 பொருள் வேணும், குறைஞ்சது ரெண்டு பேருக்கு ஒன்னு. பழைய காலுறையைச் சுருட்டிப் பந்தாக்குங்க, தானியம் போட்டுத் தைச்ச சின்னப் பை, நியூஸ்பேப்பர் உருண்டை மேல டேப், எறியறதுக்கும் பிடிக்கறதுக்கும் இது தாராளம். ஒரு நல்ல லெதர் பாலை விட 30 காலுறைப் பந்து எனக்கு ஒசத்தி.

அஞ்சாவது முறை, சீசன். அமெரிக்காவுல டேரில் சிடென்டாப் 1980கள்ல உருவாக்குனது, ஸ்போர்ட் எஜுகேஷன்னு பேரு. நிஜ விளையாட்டு உலகத்துல என்னெல்லாம் இருக்கோ அதை ஸ்கூலுக்குள்ள கொண்டு வர்றது: ஒரே டீம் சீசன் முழுக்க சேந்தே இருக்கும், டீமுக்குப் பேரு, கலரு, வரிசையா மேட்ச், ஸ்கோர் புக், கடைசியில ஃபைனல், திருவிழா மாதிரி ஒரு நாள். எல்லாரும் ஆடுவாங்க, ஆடறதோட ஆளுக்கொரு வேலையும் உண்டு, ஒருத்தர் கேப்டன், ஒருத்தர் ரெஃப்ரி, ஒருத்தர் ஸ்கோர் எழுதறது, ஒருத்தர் வார்ம் அப் எடுக்கறது, ஒருத்தர் கோனும் பாலும் எண்ணி எடுத்து வைக்கறது. அந்த வாட்டர் பாட்டில் காவல் பிள்ளை இருக்கே, அதுக்கு ஸ்கோர் புக்கைக் குடுத்துப் பாருங்க. நான் குடுத்தேன். மூணாவது மேட்ச்ல ரெஃப்ரியோட சண்டைக்கே போயிடுச்சு, இல்ல அது அவுட் இல்ல நான் எழுதி வச்சிருக்கேன்னு. அடுத்த வாரம் அதுவே உள்ள இறங்கி ஆடுச்சு.

நாலாவது அஞ்சாவதுக்கு இதைப் போல ஒன்னு இல்ல. ஆனா ஒன்னாவது ரெண்டாவதுக்கு இதைக் குடுத்தா குருவி தலையில பனங்காய். தோத்தா அழும், ரெஃப்ரி பண்ணச் சொன்னா தன் ஃப்ரெண்டுக்குத்தான் பாயிண்ட் குடுக்கும், ஸ்கோர் எழுதறவன் படம் வரைஞ்சுக்கிட்டு இருப்பான். அதை விடப் பெரிய சிக்கல், எறிய பிடிக்கத் தெரியாதவங்களை வச்சு சீசன் நடத்துனா டீமுக்கு ஒருத்தன்தான் ஆடுவான், முதல் முறையோட பளபளப்பான பதிப்பா ஆயிடும். நான் ஒரு தடவை மூணாவதுக்கே வச்சுப் பார்த்து, ரெண்டாவது வாரத்துலயே கைவிட்டுட்டேன்.

டீம் பிரிக்கறது பத்தி. ரெண்டு கேப்டனை நிக்க வச்சு ஒவ்வொருத்தரா கூப்பிடச் சொல்ற பழக்கத்தைத் தயவு செஞ்சு விட்டுடுங்க. கடைசியா கூப்பிடற பிள்ளை யாருன்னு எல்லாருக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். நீங்களே வீட்டுல உக்காந்து பேப்பர்ல பிரிச்சுட்டு வாங்க. பிரிக்கும்போது பிறந்த மாசத்தையும் ஒரு பார்வை பாருங்க, ஒரே கிளாஸ்ல 11 மாசம் வித்தியாசம் இருக்கலாம், ஆறு வயசுப் பிள்ளைக்கு 11 மாசம்ங்கறது அதோட ஆயுசுல கிட்டத்தட்ட ஏழுல ஒரு பங்கு, நாம திறமைன்னு நினைக்கறது பல நேரம் வெறும் வயசுதான்.

சீசனுக்கு எந்த விளையாட்டுன்னு கேட்டா, பேரைப் பாக்காதீங்க, குடும்பத்தைப் பாருங்க. 1982ல இங்கிலாந்துல லஃப்பரோ யுனிவர்சிட்டியில பங்க்கர், தார்ப்னு ரெண்டு பேரு ஆட்டத்தைப் புரிஞ்சுக்கிட்டு ஆடறதை முதல்ல வச்சு ஒரு முறை கொண்டு வந்தாங்க, அந்த வழியில விளையாட்டை நாலாப் பிரிக்கறாங்க: எதிர் எல்லைக்குள்ள புகுந்து கோல் போடறது, நெட்டுக்கோ சுவத்துக்கோ அந்தப் பக்கம் தள்றது, அடிச்சுட்டு ஓடறது, குறி பாக்கறது. ஃபுட்பால், ஹாக்கி, பாஸ்கெட்பால் மூணும் ஒரே குடும்பம், ஒன்னுல காலி இடத்தைத் தேடி ஓடக் கத்துக்கிட்டவன் மத்த ரெண்டுலயும் ஓடுவான். அப்போ 12 விளையாட்டு வேண்டாம், குடும்பத்துக்கு ஒன்னு போதும். ரூலையும் உங்க இஷ்டத்துக்குச் சுருக்கலாம், பாலை 3 செகண்டுக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு ரூல் போட்டா ஒத்தை ஆள் ஆட்டம் அன்னிக்கே நின்னுடும்.

இனி டைம்டேபிள். வாரம் 40 நிமிஷம் ரெண்டா, 20 நிமிஷம் நாலா? மேல சொன்ன காரணத்தாலேயே சின்னக் கிளாஸுக்கு நாலு துண்டுதான் நல்லது, இடைவெளி விட்டு அடிக்கடி. ஆனா போக வர 10 நிமிஷம் ஆகுதுன்னா 20ல பாதி வழியிலேயே போயிடும், அந்த ஸ்கூலுக்கு ரெண்டே தேவலை. கிளாஸை ஒட்டியே முற்றமோ ஹாலோ இருக்குன்னா யோசிக்கவே வேணாம், நாலு துண்டு. சீசன் நடக்கற பெரிய கிளாஸுக்கு மட்டும் நீளமான பீரியட் வேணும், மேட்சைப் பாதியில நிறுத்த முடியாது. அமெரிக்காவுல பி.டி. ஆசிரியர்களோட அமைப்பான ஷேப் அமெரிக்கா ஆரம்பப் பள்ளிக்கு வாரம் 150 நிமிஷம் கேக்குது, நம்ம 80க்கு அது கிட்டத்தட்ட டபுள். படிப்பு கெட்டுப்போகும்னு யாராவது சொன்னா ட்ரவா ரிவியேரைச் சொல்லுங்க, கனடாவுல கியூபெக்ல இருக்கிற ஊரு, 1970கள்ல அங்க ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு தினம் ஒரு மணி நேரம் கூடுதலா பி.டி. குடுத்தாங்க, பாட நேரத்துல இருந்து வெட்டித்தான் குடுத்தாங்க, மார்க் குறையல. நான் இதைச் சொல்லி ஒரு பீரியட் கூட வாங்க முடியல, அது வேற கதை, ஆனா இருந்ததைப் பிடுங்காம நிறுத்தி வைக்க முடிஞ்சுது.

சரி, எதை எடுக்கறது. என் கிளாஸ்ல இப்போ ஓடறது இதுதான். ஒன்னாவது, ரெண்டாவது, மூணாவதுக்கு வருஷம் முழுக்க நாலாவது முறை மட்டும், கலப்படமே இல்ல. மேட்ச், ஸ்கோர், டீம் எதுவும் கிடையாது, கடைசி 5 நிமிஷக் குட்டி ஆட்டம்தான். நாலாவதுக்கு முதல் முக்கால் வருஷம் அதே, கடைசியில 6 வாரம் ஒரு குட்டி சீசன். அஞ்சாவதுக்கு 10 வாரம் சீசன், அதாவது 20 பீரியட், வருஷத்துல மூணுல ஒரு பங்கு. முதல்ல 15 வாரம் திறமை, அப்புறம் சீசன், அதுக்கப்புறம் மறுபடி திறமை, ஆனா இந்தத் தடவை பசங்களே "சார் கேட்ச் விட்டுட்டே இருந்தோம் அதைப் பண்ணலாம்"னு கேட்டு வருவாங்க. அந்தக் கேள்விக்காகவே அஞ்சாவதுக்கு மட்டும் சீசனை வருஷக் கடைசியில வைக்காம நடுவுல வைக்கிறேன். ஆண்டு விழாவுக்கு ஒட்டி ஃபைனல் வச்சா பந்தாவா இருக்கும்தான், ஆனா தோத்ததுல இருந்து எதையும் சரி பண்ண வாரமே மிச்சம் இருக்காது.

எந்த முறைன்னாலும் அவுட் ஆனா வெளிய உக்காருற ஆட்டம் எல்லாத்தையும் தூக்கிட்டேன். 1992ல நீல் வில்லியம்ஸ்னு ஒரு பேராசிரியர் பி.டி. பீரியட்ல வெக்கப்பட வேண்டிய ஆட்டங்கள்னு ஒரு பட்டியலே போட்டாரு, டாட்ஜ்பால் (எறியற பால் மேல பட்டா அவுட்), மியூசிக்கல் சேர் எல்லாம் அதுல இருக்கு. முதல்ல அவுட் ஆகறது யாரு, பயிற்சி ரொம்பத் தேவைப்படற பிள்ளை, அதைத்தான் முதல்ல உக்கார வைக்கிறோம். இப்போ அவுட் ஆனா ஓரத்துல 5 தடவை பாலைச் சுவத்துல அடிச்சுப் பிடிச்சுட்டு மறுபடி உள்ள வரலாம். ஆட்டம் முடியவே முடியாதேன்னு கேப்பீங்க, ஆமா முடியாது, மணி அடிச்சா முடியும்.

கிளாஸ் பெருசா 50, 60 பேர் இருந்தா? மூணாப் பிரிங்க, ஒன்னு சுவத்துல எறியும், ஒன்னு கோடு தாண்டிக் குதிக்கும், ஒன்னு பலூனோ பந்தோ பிடிக்கும், 7 நிமிஷத்துக்கு ஒரு தடவை விசில், இடம் மாறும். சுவத்தோட இருக்கற குரூப்பைப் பாக்கவே தேவையில்ல, சுவர் திருப்பி அனுப்பிடும், குதிக்கற இடத்துல மட்டும் நீங்க நில்லுங்க. சரியா நடக்க முடியாத பிள்ளையோ மூச்சு இரைக்கற பிள்ளையோ இருந்தா இந்த முறையில தனியா ஒதுக்க வேண்டிய அவசியமே வர்றதில்ல, தூரத்தையோ பந்தையோ நேரத்தையோ அதுக்கு மட்டும் மாத்திக் குடுத்தா போதும், பக்கத்துல இருக்கறவனும் வேற தூரத்துலதான் எறியறான், யாரும் கவனிக்க மாட்டாங்க.

வருஷம் பாதி ஓடிடுச்சு, சார்ட் ஏற்கனவே சுவத்துல ஒட்டியாச்சுன்னா அதைக் கிழிக்க வேணாம். இருக்கிற விளையாட்டுப் பேரை அப்படியே வச்சுக்கிட்டு எறி, பிடி, குதி, உதைன்னு நாலு திறமையை மட்டும் பென்சில்ல ஓரமா எழுதுங்க, ஒவ்வொரு பீரியட்லயும் முதல் 10 நிமிஷம் அந்த வார விளையாட்டுக்குச் சம்பந்தம் இருந்தாலும் இல்லாட்டியும் அதுல ஒன்னு, முறை வச்சு. நாளைக்கே முதல் வேலையா எல்லாரையும் சுவத்தைப் பாத்து எறிய விட்டு, எந்தக் கால் முன்னாடி வருதுன்னு மட்டும் ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க, 30 பேருக்கு 10 நிமிஷம் கூட ஆகாது.